நான் அடித்த வெள்ளைக்குக் கீழே

மைக் ஸ்டாண்டு சாய்ந்தது. பிடிக்கப் பாய்ந்தவர் கைக்கு எட்டவில்லை. அது நேராக மீரான் பாயின் எலெக்ட்ரிக் கிடார் மேல் விழுந்து, ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வெள்ளை பெயிண்ட் தெறித்துத் தரையில் உருண்டது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும். சங்கரன்கோவிலில் பருத்தி மூட்டை அடுக்கும் ஒரு கிட்டங்கியில்தான் வேலுச்சாமி அண்ணாச்சியின் மெல்லிசைக் குழு ஒத்திகை பார்க்கும். நான் அங்கே பாட்டுக் கேட்கப் போவேன். வாசிக்கத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது.

எல்லாரும் மைக்குக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தார்கள். நான் பெயிண்ட் பெயர்ந்த இடத்தைப் பார்த்தேன். கிட்டங்கியின் மேல் ஜன்னல் வழியாக வந்த வெயில் அந்த வட்டத்தில் விழுந்திருந்தது. கோலிச் சோடா பாட்டிலின் பச்சை. அதற்குள்ளே வெள்ளிப்பொடி தூவியது போல ஒரு மினுக்கம்.

“யாரும் தொடாதீங்க!” என்று கத்திவிட்டேன்.

“ஏம்லே, கரண்ட் அடிக்குமா?” என்றார் வேலுச்சாமி அண்ணாச்சி.

கரண்ட் எனக்குத்தான் அடித்தது. ஏனென்றால் அந்த வெள்ளையை அடித்தவன் நான். இரண்டு வருடத்துக்கு முன்னால், பஸ்ஸுக்கு அடிக்கிற பெயிண்டை, பஸ்ஸுக்கு அடிக்கிற ஸ்ப்ரே கன்னில் ஊற்றி, என் கையால் அடித்திருந்தேன். ஏதோ ஒரு தொழிற்சாலையில் யாரோ ஒருவன் எண்ணி எண்ணி ஏற்றிய நிறத்தின் மேல் நான் சுண்ணாம்பு பூசுவது போலப் பூசியிருக்கிறேன் என்பது அந்த ஒரு ரூபாய் வட்டத்தில் தெரிந்துவிட்டது. அப்போதே தோன்றியது: நான் போட்டதை நானே எடுக்க வேண்டும். நான் போட்டதை மட்டும். அதற்குக் கீழே ஒரு மயிரிழைகூட எடுக்கக் கூடாது.

சொல்வதற்கு மூன்று வரி. செய்து முடிக்க ஐந்து வருடம் ஆனது.

இதை இப்போது எழுத வைத்தவர்கள் எங்கள் பஸ் பட்டறைத் தம்பிகள். நான் ஓய்வு பெற்றுச் சில வருடங்கள் ஆகின்றன. போன ஆயுத பூஜைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பெயிண்ட் ஷெட் பாதியாகிவிட்டது. மீதிப் பாதியில் ஸ்டிக்கர் அச்சடிக்கும் மெஷின் நிற்கிறது. பஸ்ஸின் உடம்பு முழுக்கப் படம் ஒட்டி அனுப்புகிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறது, எனக்கு அதில் வருத்தமெல்லாம் இல்லை, அந்த மெஷினை இயக்கிப் பார்க்க ஆசைதான். சுண்டல் சாப்பிடும்போது ஒரு தம்பி கேட்டான்: “அண்ணாச்சி, நீங்க செஞ்சதுலயே பெரிய வேலை எது?” அவன் ஏதாவது ஒரு சொகுசு பஸ்ஸைச் சொல்வேன் என்று நினைத்தான். “ஒரு கிடாருக்கு அடிச்ச பெயிண்டை உரிச்சது” என்றேன். சிரித்தான். அவன் சிரித்தது சரியில்லை என்று காட்டத்தான் இது.

என் பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பாளையங்கோட்டையில் வேதியியல் பி.எஸ்ஸி. முடித்தேன். அரசாங்க உத்தியோகத்துக்கு எழுதிப் போட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாமல், எழுபதுகளின் நடுவில் ஊரில் இருந்த ஒரு தனியார் பஸ் கம்பெனியின் பட்டறையில் சேர்ந்தேன். ஆறு மாதம் உப்புத்தாள் தேய்த்தேன். ஆறு மாதம் தகரத்தின் பள்ளங்களில் பட்டி அப்பி மட்டம் பார்த்தேன். பிறகு ஸ்ப்ரே கன் கைக்கு வந்தது. கன் கைக்கு வந்த அன்றே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். அந்த வயதில் அப்படித்தான்.

எங்கள் ஃபோர்மேன் செல்லையா. பெயிண்ட் ஷெட்டுக்குள் வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டாமல் நடமாடிய ஒரே மனிதர். அந்த வேட்டியில் ஒரு சொட்டு விழுந்து நான் பார்த்ததில்லை. பஸ் அடித்து முடிந்ததும் அவரைக் கூப்பிடுவோம். முன்பக்கம் வரவே மாட்டார். பின்பக்கம் போய்க் குத்தவைத்து உட்கார்ந்து, பஸ்ஸின் விலாவில் கன்னத்தை வைக்கிற மாதிரி சாய்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்ப்பார். டியூப் லைட்டின் வெளிச்சம் பெயிண்டில் ஒரு கோடாக ஓடும். கோடு எங்கேயாவது நெளிந்தால் எழுந்து நேராக அந்த இடத்துக்கு நடப்பார், உள்ளங்கையை வைப்பார், ஒரே ஒரு சொல் சொல்வார்: “உரி.” அவ்வளவுதான். எதனால், எந்தப் பூச்சு வரைக்கும், யார் தப்பு, ஒன்றும் கிடையாது. கோடு நெளியவில்லை என்றால் ஒன்றுமே சொல்லாமல் டீக்கடைக்குப் போய்விடுவார்.

என் பெயர் கோமதிநாயகம். அவர் ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. “ஏலே பி.எஸ்ஸி, தின்னர்ல என்னென்ன கலந்திருக்குனு உனக்குத் தெரியும். எவ்வளவு ஊத்தணும்னு எனக்குத் தெரியும்” என்பார். இதைக் கேட்டு ஷெட்டே சிரிக்கும்.

வேலுச்சாமி அண்ணாச்சி கச்சேரிக்கென்று ஒரு வேன் வாங்கி அதற்கு வெள்ளை அடித்தது அப்போதுதான். உடனே அவருக்கு ஒரு யோசனை. டிரம், ஆர்கன் பெட்டி, ஸ்பீக்கர், கிடார் எல்லாம் வேன் நிறத்திலேயே இருக்க வேண்டும். “மேடையில ஏறி நின்னா பால் மாதிரி இருக்கணும்லா!” என்றார். மீரான் பாய் கடையநல்லூர்க்காரர். பஹ்ரைனில் ஓர் அமெரிக்க இன்ஜினியர் வீட்டில் சமையல் செய்தவர். அந்த இன்ஜினியர் ஊருக்குத் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போன கிடார் அது. “இதுக்கு என்னவே கொறைச்சல்?” என்று கேட்டார். கேட்டாரே தவிர, குழுவில் எல்லாரும் சரி என்றதும் பெட்டியோடு கொடுத்துவிட்டார். புதன்கிழமை கல்யாணக் கச்சேரி. கிடார் என் கைக்கு வந்தது திங்கட்கிழமை.

அப்போது அது எனக்கு எப்படித் தெரிந்தது என்று ஒளிக்காமல் சொல்கிறேன். அழுக்காக, பிசுபிசுப்பாக, சாணிப் பச்சையாக ஒரு பழைய சாமான். மதிய இடைவேளையில் துணியால் ஒரு துடை, அதன் மேல் எனாமல் பெயிண்ட் ஒரு கை. நடுவில் இருக்கிற பிளாஸ்டிக் தகட்டைக்கூடக் கழற்றவில்லை. மேலே செய்தித்தாளை ஒட்டி மறைத்துவிட்டு அடித்தேன். பெயிண்ட் பட்ட இடமெல்லாம் அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாகத் திறந்துகொண்டது. பயந்துபோய் இரண்டாவது கை அடித்தேன். அதன் மேல் கனமாக மூன்றாவது.

செல்லையா வந்து நின்றார். குனிந்து மோந்து பார்த்தார்.

“தேங்கா எண்ணெய்” என்றார். “கீழ உப்புத்தாள் தேச்சியா?”

“இல்ல.”

“எண்ணெய் மேல அடிச்சிருக்க. தேய்க்கவும் இல்ல. இது பெயிண்ட் இல்லலே, போர்வை. உரி.”

பிறகு விசாரித்தால், மீரான் பாய் வெளிநாட்டு மரம் நம் ஊர்க் காற்றுக்கு வெடித்துவிடும் என்று பயந்து, வெள்ளிக்கிழமை தவறாமல் அந்தக் கிடாருக்குத் தேங்காய் எண்ணெய் தடவி வந்திருக்கிறார். வருடக் கணக்காக! கிடாருக்குத் தேங்காய் எண்ணெய் தடவுகிறவர் உலகத்தில் வேறு எங்கேயாவது இருந்திருப்பாரா, தெரியாது. உரிக்க நேரம் இல்லை. வேலுச்சாமி அண்ணாச்சி வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டார். செல்லையா ‘உரி’ என்று சொல்லியும் உரிக்காமல் ஷெட்டை விட்டு வெளியே போன ஒரே வேலை அதுதான். ஒரு மாதம் அவர் என் பக்கம் திரும்பவில்லை.

அந்த வெள்ளைதான் இரண்டு வருடம் கழித்து ஒத்திகையில் தெறித்தது.

அன்றைக்கே உரிக்க ஆரம்பித்திருக்கலாமே என்று கேட்கலாம். அங்கேதான் நான் படித்த வேதியியல் குறுக்கே வந்தது. கீழே இருப்பது லாக்கர் என்கிற பூச்சு. தின்னர் வைத்தால் என் வெள்ளையும் போகும், அந்தப் பச்சையும் கரைந்து போகும். உப்புத்தாள் போட்டால் கேட்கவே வேண்டாம். தொழிற்சாலைகள் கிடாருக்கு நிறம் ஏற்றுகிற விதம் என்ன, எத்தனை பூச்சு, எது எதில் கரையும் என்று தெரியாமல் அதில் கை வைக்கக் கூடாது. படிக்கப் புத்தகம் கிடையாது. கேட்க ஆள் கிடையாது. ஆகவே கிடார்களையே சேர்க்க ஆரம்பித்தேன்.

எனக்கு ஒற்றர்கள் இருந்தார்கள். எங்கள் கம்பெனி பஸ்களின் கண்டக்டர்கள். எந்த ஊரில் கல்யாணக் கச்சேரி நடந்தாலும் எலெக்ட்ரிக் கிடார் இருந்ததா, என்ன நிறம், மினுங்கியதா, கடையில் வாங்கியதா, வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்ததா என்று பார்த்து, டிக்கெட்டின் பின்பக்கம் எழுதி ஷெட்டில் போட்டுவிடுவார்கள். ‘திருவேங்கடம். சிவப்பு. மினுக்கம் இல்லை. ஆள் முரடு.’ இப்படி. ஒருவர் கிடாரையும் மாண்டலினையும் குழப்பி எழுதி என்னைக் குருவிகுளம் வரை அலைய விட்டார்.

புளியங்குடியில் சிலோனிலிருந்து வந்த ஒரு குடும்பத்தில் முதல் கிடார் கிடைத்தது. ஜெர்மனியில் செய்தது. பெயிண்டே கிடையாது, சட்டைப் பொத்தான் மாதிரி பளபளக்கும் ஒரு ஏடு மேலே ஒட்டப்பட்டிருந்தது. கண்ணுக்குத் தெரியாத மூலையில் ஒரு சொட்டுத் தின்னர் வைத்தேன். நுங்கு மாதிரி குழைந்துவிட்டது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. இரண்டாவது ஜப்பான் கிடார், ரத்தச் சிவப்பு. தின்னரைக் குளிக்க ஊற்றினாலும் அசையாத கண்ணாடிப் பூச்சு. மூன்றாவது பொன்பொடி நிறம். வாசித்தவர் கை உரசிய இடத்தில் மட்டும் பித்தளைப் பாத்திரத்தில் களிம்பு ஏறுவது போலப் பச்சை ஏறியிருந்தது. அதைப் பார்த்துத்தான், தொழிற்சாலை நிறம் என்றால் ஒரு பூச்சு அல்ல, அடிப்பூச்சு, நிறம், மேலே கண்ணாடி மாதிரி ஒரு காப்பு என்று மூன்று என்பதைப் பிடித்தேன். அந்தக் காப்பு வயதாக ஆக மஞ்சளிக்கும் என்பதையும்.

நாலாவது என் மானத்தை வாங்கியது. ராஜபாளையத்தில் ஒரு நீலக் கிடார். அப்படி ஒரு நீலத்தை நான் பார்த்ததே இல்லை. பஸ்ஸின் மேலே ஏற்றிக் கொண்டுவந்தேன். வழியில் மழை. இறக்கும்போது நீலம் முழுவதும் ஒழுகி என் சட்டையில் இருந்தது. யாரோ பேனா மையை அரக்கில் கலந்து தடவியிருக்கிறார்கள். என் அக்கா அந்தச் சட்டையை வாசலில் காயப் போட்டு, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் காட்டினாள்.

“ஏலே, ஒண்ணு வாசிக்கத் தெரியாது, நாலு வாங்கி அடுக்கி வச்சிருக்க. பொண்ணே பாக்காம நாலு தாலி செஞ்சு வச்ச மாதிரி இருக்கு” என்றாள்.

மையை ஈரத் துணியால் துடைத்தபோது அதற்குக் கீழே ஒரு பழைய வெண்ணெய் நிறம் முழுசாக இருந்தது. அக்காவிடம் காட்டினேன். “இதுக்கு அதுவே தேவலை” என்றுவிட்டாள்.

இப்படி ஐந்து வருடம். எண்பதுகளின் தொடக்கம். ஒரு வியாழக்கிழமை மீரான் பாய் கிடார் பெட்டியோடு பட்டறைக்கு வந்து அதைத் திறந்தார். பெயிண்ட் பெயர்ந்த இடத்தில் அவர் ஒட்டிய பிளாஸ்திரி அப்படியே இருந்தது.

“ஷார்ஜாவுக்கு விசா வந்துட்டுவே. கிடாரை மருமகன்ட்ட கொடுத்துட்டுப் போறேன். ஆனா வெள்ளையாக் கொடுக்க மனசு இல்ல. தென்காசி ஆசாரி ஒருத்தரு மரம் தெரியுத வரைக்கும் இழைச்சுத் தேக்கு பாலிஷ் போட்டுத் தாரேன்னாரு. அடுத்த வெள்ளி வந்து எடுத்துட்டுப் போறாரு.”

“இழைச்சா பச்சையும் போயிருமே பாய்!”

“வெள்ளைய மட்டும் தனியா எடுக்க முடியாது, ரெண்டும் சேந்துதான் வரும்னு அவரு சத்தியம் பண்ணுதாரு.”

“நான் எடுக்கேன்.”

“நீரா? போட்டதே நீருதாம்வே.”

“அதனாலதான்.”

“வெள்ளிக்கிழமை வரைக்கும். அதுக்குள்ள வெள்ளை வரலைன்னா ஆசாரி” என்று பெட்டியை வைத்துவிட்டுப் போனார்.

எட்டு நாள். நான் முடிக்காவிட்டால் அந்த நிறம் தென்காசியில் மரத்தூளோடு தூளாகப் பறந்துவிடும். உலகத்தில் அப்படி இன்னொன்று இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. எனக்குக் கிடைத்தது இது ஒன்று.

முதலில் கம்பிகளை அவிழ்த்தேன். நாலு திருகைக் கழற்றிக் கழுத்தைத் தனியே எடுத்துத் துணியில் சுற்றி வைத்தேன். பிறகு, அன்றைக்குச் சோம்பலில் கழற்றாமல் விட்ட பிளாஸ்டிக் தகடு. கழற்றினேன். கீழே பச்சை இல்லை, நீலம்! வெயில் படாத, எண்ணெய் படாத, என் வெள்ளையும் படாத புத்தம் புது நீலம், வெள்ளிப்பொடியோடு. வெளியே தெரிந்தது, மேல்காப்பு மஞ்சளித்ததால் பச்சையாகத் தெரிந்த நீலம். நான் ஊகித்திருந்தது சரி. தகட்டுக்குக் கீழே ஆணி அடித்துப் பிடுங்கியது போல நாலு சின்ன ஓட்டைகளும் இருந்தன. அதைப் பற்றி அப்போது யோசிக்கவில்லை.

இனி வெள்ளை. செல்லையா அன்றைக்குத் திட்டிய இரண்டு தப்புகள்தான் எனக்கு இருந்த இரண்டு வழிகள். நான் தேய்க்காததால் நீலத்தின் மேல்காப்பில் ஒரு கீறல்கூட இல்லை. எண்ணெய் மேல் அடித்ததால் வெள்ளை எங்கேயும் சரியாக ஒட்டவில்லை. அந்த எண்ணெய் ஏழு வருடத்தில் பசையாக இறுகிக் கிடந்தது. அதை இளக்க வேண்டும். தின்னர் இல்லாமல் இளக்க வெயில் ஒன்றுதான்.

பட்டறைக்குப் பின்னால் இனி ஓடாது என்று கண்டம் பண்ணிய ஒரு பஸ் நின்றது. சித்திரை வெயில். அதன் பானெட் மேல் சாக்கை விரித்து, கிடாரின் உடம்பை வைத்து, கறுப்புத் துணியால் மூடினேன். என் உள்ளங்கையைத் துணிக்கு மேலேயே வைத்திருந்தேன். கை பொறுக்கிற சூடு வரைக்கும்தான். கை தானாக விலகினால் உடனே நிழலுக்கு எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நீலமும் இளகும். நிழலில் வைத்ததும் வெள்ளை சில இடங்களில் அப்பளம் மாதிரி மெல்ல எழும்பும். மூங்கிலைச் சீவி, முனையை உப்புத்தாளில் தேய்த்து என் நகத்தை விட மழுங்கலாக்கி வைத்திருந்தேன். அதை எழும்பிய இடத்தில் படுக்கையாக நுழைத்து, தள்ளாமல், காத்திருக்க வேண்டும். எண்ணெய் வழிவிட்டால் சில்லு தானாக நகரும். சில நேரம் உள்ளங்கை அகலத்துக்கு ஒரே ஏடாக வரும். சில நேரம் ஒரு மதியம் முழுக்க ஒரு தபால் தலை அளவுதான்.

கிடாரின் இரண்டு கொம்புகளுக்கு இடையே உள்ள வளைவில் மீரான் பாயின் எண்ணெய்த் துணி சரியாகப் போகவில்லை. அங்கே வெள்ளை பிடித்துக்கொண்டது. நானே தேங்காய் எண்ணெயை இளஞ்சூடாக்கி ஓரத்தில் ஒரு சொட்டு வைத்து, அது உள்ளே ஊறும் வரை இரண்டு நாள் விட்டுவிட்டு, திரும்ப வெயிலுக்கு எடுத்துப் போனேன். வந்தது. புதன்கிழமை மதியம் அவசரப்பட்டு மூங்கிலைத் தள்ளிவிட்டேன். நீலத்தில் ஓர் அரிசி நீளத்துக்குக் கீறல். அது என் கையெழுத்து மாதிரி இன்றும் அங்கே இருக்கிறது. அந்தக் கிடாரை யாருக்குக் காட்டினாலும் முதலில் அதைக் காட்டிவிடுவேன்.

வியாழன் மாலை, வெளிச்சம் இருக்கும்போதே, உடம்பு முழுவதும் வெள்ளை போய்விட்டது. பஞ்சால் துடைத்து ஷெட் மேஜையில் வைத்துவிட்டு அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

வெள்ளி காலை மீரான் பாயும் வேலுச்சாமி அண்ணாச்சியும் வந்தார்கள். மீரான் பாய் கிட்டே போகாமல் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“யா அல்லாஹ். அந்த வீட்டுல முதல் நாள் பாத்த மாதிரியேல்லா இருக்கு” என்றார்.

“அப்போ என் வேனையும் உரிச்சுப் பாப்போமா, கீழ என்ன இருக்கோ!” என்றார் வேலுச்சாமி அண்ணாச்சி.

செல்லையா எங்கிருந்தோ வந்தார். யாரையும் பார்க்காமல் மேஜையின் ஓரத்தில் கன்னத்தைச் சாய்த்து ஒரு கண்ணை மூடினார். கிடாரின் கீழ் விளிம்பில், வாசிக்கிறவர் முழங்கை உரசும் இடத்தில் உள்ளங்கையை வைத்தார். அங்கே நீலம் தேய்ந்து, கீழே ஒரு மஞ்சளும், அதற்குக் கரை கட்டியது போல ஒரு கறுப்பும் தெரிந்தன. நானும் பார்த்திருந்தேன். சொல்லவில்லை.

“கீழ வேற கலர் இருக்குலே. எவனோ ஒருத்தன் மஞ்சள் மேல இந்த நீலத்தை அடிச்சிருக்கான். நீ வெள்ளை அடிச்ச மாதிரியே. கம்பெனி கலர் மஞ்சள்தான். உரி.”

மீரான் பாயின் முகம் வாடிவிட்டது.

“அப்போ இதுவும் கம்பெனி கலர் இல்லையா? அந்தத் துரைதான் அடிச்சிருக்கானா?” என்றார். “அப்படின்னா எதுக்குவே ரெண்டுங்கெட்டானா? ஆசாரி கிட்டயே போகட்டும்.”

ஆசாரி பதினொரு மணிக்கு வருவதாக இருந்தது. செல்லையா சொல்வது பஸ் கணக்கில் நூற்றுக்கு நூறு சரி. எங்கள் ஷெட்டில் ஒரு நிறத்துக்குக் கீழே இன்னொரு நிறம் இருந்தால், மேலே உள்ளது பின்னால் எவனோ அடித்தது. ஆனால் அந்த நீலத்தின் அடியில் எண்ணெய் இல்லை, குழி இல்லை, அவசரம் இல்லை. அதை அவசரக்காரன் அடிக்கவில்லை என்று அவசரக்காரனான எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? காட்ட வேண்டுமே.

அப்போதுதான் அந்த நாலு ஓட்டைகள் ஞாபகம் வந்தன.

எங்கள் பட்டறையில் பஸ்ஸின் நெற்றியில் மாட்டும் ஊர்ப்பலகையை நாங்களே அடிப்போம். மரப்பலகை. இரண்டு பக்கமும் அடிக்க வேண்டும் என்பதால், பின்பக்கத்தில் நாலு ஆணி அடித்து, அதையே கால் மாதிரி ஆக்கி நிற்க வைத்து அடிப்போம். எல்லாப் பூச்சும் காய்ந்த பிறகு ஆணியைப் பிடுங்குவோம். ஓடிப்போய் மூலையில் கிடந்த இரண்டு பலகைகளை எடுத்து வந்து மேஜையில் கவிழ்த்தேன்.

“ஃபோர்மேன், இது போன வாரம் அடிச்ச போர்டு. முதல்ல மஞ்சள், அது மேல சிவப்பு. நடுவுல ஆணியைப் பிடுங்கினோமா?”

“எதுக்குப் பிடுங்கணும்?”

“ஓட்டைக்குள்ள என்ன தெரியுது?”

குனிந்தார். “வெறும் மரம்.”

“இது ரெண்டு வருஷத்துப் பழைய போர்டு. போன மாசம் ஆணி இல்லாம இன்னொரு தடவை அடிச்சது. ஓட்டைக்குள்ள?”

“சிவப்பு அடைச்சிருக்கு.”

தகடு மாட்டாத கிடாரை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். டார்ச் லைட்டைக் கொடுத்தேன். அக்காவிடம் வாங்கி வந்து சட்டையில் குத்தியிருந்த ஊக்கை ஓர் ஓட்டையின் வாயில் காட்டினேன். “இங்கன பாருங்க. ஓரத்துல மஞ்சள் ஒரு வளையம், அது மேல நீலம் ஒரு வளையம். உள்ள ரெண்டுமே இல்ல, வெறும் மரம். மஞ்சள் அடிச்சவன் ஆணியைப் பிடுங்கல. அதே ஆணி நிக்கும்போதே நீலத்தையும் அடிச்சிருக்கான். விலைக்குப் போன பிறகு எவனாவது அடிச்சிருந்தா நீலம் ஓட்டைக்குள்ள இறங்கியிருக்கும்லா? ஃபேக்டரிலயே மஞ்சளை வேண்டாம்னு சொல்லி அது மேலயே நீலம் ஏத்திருக்காங்க. ரெண்டுமே கம்பெனி கலர். நீலம்தான் அவங்க கடைசியா முடிவு பண்ணினது. இதுக்குக் கீழ கை வைக்கக் கூடாது.”

செல்லையாவிடம் நான் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியது அன்றுதான்.

செல்லையா ஒரு கண்ணை மூடிக்கொண்டு முதல் ஓட்டையைப் பார்த்தார். இரண்டாவதைப் பார்த்தார். நாலையும் பார்த்தார். திரும்பவும் முதலாவது. பிறகு டார்ச்சை அணைத்தார். கிடாரை விட்டுவிட்டு அந்தப் பழைய ஊர்ப்பலகையைக் கையில் எடுத்துத் திருப்பினார்.

“ஆணி அடிக்காம இதை எவம்லே அடிச்சது? உரி” என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

ஷெட் முழுக்கச் சிரித்தது. நான் தகட்டை எடுத்துத் திரும்ப மாட்ட ஆரம்பித்தேன்.

“வேலுச்சாமி, அந்த ஆசாரியை பஸ் ஸ்டாண்டுலயே பாத்து டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிரும்” என்றார் மீரான் பாய். பிறகு அந்த அரிசி நீளக் கீறலை விரலால் தடவினார். “மருமகன்ட்ட இதைக் கொடுத்தா ஒரு மாசத்துல சிவப்பு அடிச்சிருவான். இது உம்மகிட்டயே இருக்கட்டும்வே. லீவுல வரும்போது நான் வந்து வாசிக்கேன். அது வரைக்கும் நீரு வாசிச்சு அக்கம்பக்கத்தைக் கொல்லாதீரும்.”

பெருமையாகச் சொல்கிறேன், அதற்குப் பிறகு என் வீட்டுக்குப் பதினோரு கிடார் வந்து சேர்ந்தது. எல்லாமே தொழிற்சாலை விட்ட நிறத்தோடு, வயதான இடத்தில் வயதாகி, ஒன்றிலும் ஒரு சொட்டு புதுப் பெயிண்ட் இல்லாமல் இருக்கின்றன. கிடார் பற்றித் தெரிந்தவர்கள் எங்கெங்கிருந்தோ விசாரித்துக்கொண்டு வருகிறார்கள். வந்ததும் அந்த நாலு ஓட்டைகளைப் பார்க்கத்தான் கேட்கிறார்கள். மீரான் பாய் சொன்னபடி ஒவ்வொரு லீவிலும் வந்து வாசித்தார்.

ஆனால் அந்தக் கிடாரில் வேலை முடியவில்லை. கழுத்தைத் துணியில் சுற்றி வைத்தேன் என்றேன் அல்லவா? அதன் தலைப்பகுதியில், கம்பி முறுக்கும் திருகுகள் இருக்கும் முகப்பில், என் வெள்ளை இன்னும் அப்படியே இருக்கிறது. அங்கே யாரும் எண்ணெய் தடவுவதில்லை. அதனால் பெயிண்ட் கெட்டியாகப் பிடித்துவிட்டது. அதற்குக் கீழே செய்தவர்களின் பெயர் எழுதிய மெல்லிய ஏடு ஒட்டியிருக்கிறது. வெள்ளையை இழுத்தால் பெயரும் சேர்ந்து வந்துவிடும். எண்ணெயையும் வெயிலையும் அங்கே நம்ப எனக்குத் தைரியம் வரவில்லை. தொடாமல் விட்டேன்.

ஓய்வு பெற்றதிலிருந்து அந்த ஒரு சாண் இடத்துக்காகத்தான் வேலை செய்துகொண்டிருக்கிறேன். மரத்துண்டுகளில் அதே மாதிரி ஏடு ஒட்டி, லாக்கர் ஏற்றி, மேலே எனாமல் அடித்து, மொட்டைமாடியில் ஐந்து கோடை காய விட்டேன். ஒவ்வொன்றாக உரித்துப் பார்த்தேன். ஒன்பது துண்டில் எழுத்து கிழிந்தது. பத்தாவதில் எண்ணெயை ஓரத்திலிருந்து விடாமல், திருகு மாட்டும் ஓட்டையின் உள்ளே இருந்து, நாளுக்கு ஒரு சொட்டாக விட்டு, நாற்பது நாள் பொறுத்தேன். வெள்ளை தனியே வந்தது. எழுத்து முழுசாக நின்றது. பதினொன்றிலும் பன்னிரண்டிலும் அதே மாதிரி வந்துவிட்டது.

மீரான் பாய் வளைகுடாவை முடித்துக்கொண்டு கடையநல்லூரிலேயே இருக்கிறார். போன வாரம் போனில் சொன்னேன். “அந்த எழுத்து எப்படி வளைஞ்சிருக்கும்னு எனக்கே மறந்து போச்சுவே. எடும். நான் வந்து பக்கத்துல உக்காருதேன்” என்றார்.

தை பிறந்ததும் திருகுகளைக் கழற்றுகிறேன். ஆறு ஓட்டை இருக்கின்றன. கீழே எழுத்து இல்லாத கடைசி ஓட்டையிலிருந்து ஆரம்பம். முதல் நாள் ஒரு சொட்டு.